தொலைக்காட்சியும் திறந்த வானமும்

(கல்விக் கழக வெள்ளி விழாவின் இளைஞர் அமர்வில் ஆற்றிய உரை)

 

பலரும் விரும்பிப் பார்க்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள், எளிய மக்களை வானத்தைக் கவனிக்கும் பழக்கத்திற்குள் கொண்டுவர வல்லனவா என்பதைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். நம் விடையை முதலிலேயே கூறிவிடுகிறோம். தொலைக்காட்சி ஒருவரை வீட்டு வாசல் வரை அழைத்து வரும். வாசலுக்கு வெளியே இருட்டில் அவரை எதிர்கொண்டு அழைத்துச் செல்ல ஓர் ஆள் நிற்க வேண்டும். அந்த ஆள் நின்ற இடங்களில் பயன் விளைந்திருக்கிறது. நிற்காத இடங்களில் நிகழ்ச்சி முடிந்ததும் மக்கள் உறங்கப் போய்விட்டார்கள்.

ஊதியம் கருதாமல், விருப்பத்தினால் வானத்தை முறையாகப் பார்த்துக் குறிப்பெழுதி வருவோரை ஆர்வ வானியலர் என்கிறோம். ஆங்கிலத்தில் அமெச்சூர் என்பர். வேதியியலில் ஒருவர் இவ்வாறு இறங்க வேண்டுமாயின் ஆய்வுக்கூடம் வேண்டும். வானியலின் ஆய்வுக்கூடமோ நம் தலைக்கு மேலேயே விரிந்து கிடக்கிறது. அதற்குள் நுழையப் பட்டச் சான்றிதழ் கேட்பார் இல்லை.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் லெஸ்லி பெல்டியர் என்றோர் உழவர் வீட்டுப் பிள்ளை இருந்தார். 1900இல் பிறந்தவர். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். தோட்டத்தில் ஸ்ட்ராபெர்ரிப் பழம் பறித்துச் சேர்த்த 18 டாலரைக் கொடுத்துத் தம் முதல் தொலைநோக்கியை வாங்கினார். பறிகூலி குவார்ட் ஒன்றுக்கு 2 சென்ட். ஆதலின் 900 குவார்ட் பழம் பறிக்க வேண்டியிருந்தது. அந்தக் கருவியைக் கொண்டு ஒளி மாறும் விண்மீன்களைக் கவனிக்கத் தொடங்கியவர், 1980இல் மறையும் வரை ஓயவில்லை. அவர் எழுதி அனுப்பிய குறிப்புகள் 1,30,000க்கும் மேல். வால்மீன்கள் பன்னிரண்டைக் கண்டறிந்தவர் என்ற பெருமையும் அவருக்கு உண்டு. அவர் தொடங்கிய நாளில் தொலைக்காட்சியே கிடையாது. ஆகவே பெல்டியரைப் போன்றவர்களுக்குத் தொலைக்காட்சி தேவையில்லை என்று கூறலாம். உண்மைதான். ஆனால் ஊருக்கு ஒரு பெல்டியர் பிறப்பதில்லை. மற்ற நம் போன்றோரைப் பற்றியதே இன்றைய வினா.

இந்த வினாவுக்கு நீண்ட நாள் சோதனை நடந்த இடம் இங்கிலாந்து. அங்கே பி.பி.சி. நிறுவனம் 1957 ஏப்ரல் 24ஆம் நாள் 'ஸ்கை அட் நைட்' என்னும் மாத நிகழ்ச்சியைத் தொடங்கியது. நடத்தியவர் பேட்ரிக் மூர். இளமையில் நோயினால் பெரும்பாலும் வீட்டிலிருந்தே பயின்றவர். பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெறாதவர். பதினோராம் வயதிலேயே ஆர்வ வானியலர் சங்கத்தில் உறுப்பினரானவர். அந்நிகழ்ச்சியை 2012 டிசம்பரில் மறையும் வரை அவரே நடத்தினார். ஐம்பத்தைந்து ஆண்டுகளில் 2004ஆம் ஆண்டு ஒரே ஒரு மாதம் மட்டும், உணவு நஞ்சாகிப் படுக்கையில் விழுந்தமையால், வரவில்லை.

அது பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டி ஒளிபரப்பான நிகழ்ச்சி. ஆடம்பரம் இல்லை. அப்படியிருந்தும் அது பலரை வானத்தின்பால் திருப்பியதற்குக் காரணம் என்ன? முதல் நிகழ்ச்சியையே பாருங்கள். அந்த மாதத்தில் ஆரெண்டு-ரோலண்டு என்னும் வால்மீன் வெறுங்கண்ணுக்குத் தெரியும்படி வானத்தில் நின்றது. மூர் அதைப் பற்றிப் பேசினார். கேட்டவர் வெளியே போய்த் தாமே பார்க்க முடிந்தது. அதற்குப் பின்னும் இந்த மாதம் எந்தக் கோள் எத்திசையில் தெரியும் என்று சொல்லிவந்தார். கடிதம் எழுதிய சிறுவர்களுக்குத் தம் பழைய தட்டச்சுப் பொறியில் தாமே மறுமொழி அனுப்பினார். 1890லேயே நிறுவப்பெற்ற பிரிட்டிஷ் வானியல் சங்கமும், பல நகரங்களில் உள்ளூர்க் கழகங்களும் அங்கே இருந்தன. பெட்டியை அணைத்துவிட்டு எழுந்தவனுக்குப் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. நிகழ்ச்சியின் வெற்றியில் பாதி இந்தக் கழகங்களுக்கு உரியது என்பது நம் கருத்து.

அமெரிக்காவில் கார்ல் சேகன் 1980இல் 'காஸ்மாஸ்' என்ற பதின்மூன்று பகுதித் தொடரை அளித்தார். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் அதைப் பார்த்தனர். அறிவியலின்பால் மதிப்பை வளர்த்ததில் அதற்கு இணை சொல்வது கடினம். அதே நாட்டில், மியாமி நகரக் கோளரங்கத்தைச் சேர்ந்த ஜாக் ஹார்க்ஹைமர் என்பவர் 1976 முதல் ஐந்து நிமிட நிகழ்ச்சி ஒன்றை நடத்திவந்தார். இந்த வாரம் மாலையில் மேற்கே பாருங்கள், பிறையின் அருகில் நிற்பது வெள்ளி என்று கூறுவது ஒன்றே அவர் வேலை. கருவி எதுவும் வேண்டா, கண் போதும். 2010இல் மறையும் வரை அதை விடவில்லை. முன்னதன் பெருமையை நாம் குறைத்துக் கூறவில்லை. எனினும் மக்களை வாசலுக்கு வெளியே நிறுத்தும் வேலைக்கு இந்த ஐந்து நிமிடமே ஏற்றது என்று நமக்குத் தோன்றுகிறது.

தொலைக்காட்சியினால் ஒரு கெடுதலும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். திரையில் செந்நிறமும் நீலமுமாக ஒளிரும் வாயு மேகங்களைக் காட்டுகிறார்கள். அவை பெரிய தொலைநோக்கியில் நெடுநேரம் ஒளியைச் சேர்த்து எடுத்த படங்கள். அதே ஓரியன் மேகத்தைச் சிறிய தொலைநோக்கியில் பார்ப்பவனுக்குச் சாம்பல் பூசினாற்போன்ற ஒரு மங்கல்தான் தெரியும். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரித்தறியும் ஆற்றல் இல்லை. இருட்டுக்குக் கண் பழகவே இருபது முப்பது நிமிடம் ஆகும். இதையெல்லாம் முன்னரே சொல்லி வைக்காவிட்டால், வாங்கிய கருவி ஒரு வாரத்தில் பரணுக்குப் போகும்.

இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. மேகி அடேரின்-போகாக் என்னும் அம்மையார் நைஜீரியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு இலண்டனில் பிறந்தவர். எழுத்துகளைப் படிப்பதில் இடர்ப்பாடு உடையவர். சிறுவயதில் பதின்மூன்று பள்ளிகள் மாறியவர். தொலைக்காட்சியில் வந்த குழந்தைகள் தொடர் அவருக்கு விண்வெளிக் கனவைத் தந்தது. காசு சேர்த்து மலிவான தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். அதில் தெரிந்த உருவங்களின் ஓரத்தில் நிறம் பிரிந்து, பார்வை தெளியவில்லை, மனம் சோர்ந்தார். பின்னர், தொலைநோக்கி செய்யக் கற்றுத்தரும் மாலை வகுப்பு ஒன்று கேம்டன் பகுதியில் நடப்பதை அறிந்து சேர்ந்தார். அங்கே இருந்தவர்களுள் பெரும்பாலோர் நடுவயது ஆண்கள். இந்தப் பெண்ணோ பதினைந்து வயதினள். கண்ணாடியைத் தம் கையாலேயே தேய்த்துத் தொலைநோக்கி செய்தார். பின்னாளில் விண்வெளிக் கருவிகளை உருவாக்கும் அறிவியலாளரானார். 2014இல் அதே 'ஸ்கை அட் நைட்' நிகழ்ச்சியை நடத்துவோருள் ஒருவராக அமர்ந்தார். தொலைக்காட்சி ஆசையை மூட்டியது. அந்த மாலை வகுப்பு இல்லையேல் ஆசை அந்த மலிவுக் கருவியோடு முடிந்திருக்கும்.

அண்மைக் காலத்தில் வேறொரு முறையையும் கையாண்டிருக்கிறார்கள். 2017 ஏப்ரலில் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் மூன்று இரவுகள் வானியல் நேரலை நடந்தது. விண்மீன் ஒன்றின் முன்னே அதன் கோள் கடக்கும்போது ஒளி இம்மியளவு குறையும். கெப்ளர் விண்கலம் பதிந்த இத்தகைய ஒளிக்கோடுகளைப் பார்த்து, எங்கே பள்ளம் விழுகிறது என்று கூறுமாறு பார்வையாளரைக் கேட்டனர். 48 மணி நேரத்தில் 10,000க்கும் மேற்பட்டோர் கூடி 20 இலட்சம் கணிப்புகளைச் செய்தனர். கே2-138 என்னும் விண்மீனைச் சுற்றும் கோள் குடும்பம் அவ்வாறு வெளிப்பட்டது. ஐந்து கோள்கள் உண்டென்று 2018இல் ஆய்வுக்கட்டுரை வந்தது. கணினித் திரையைப் பார்ப்பது வானத்தைப் பார்ப்பதாகுமா என்று சிலர் கேட்கக்கூடும். பார்த்தவன் கையில் ஒரு வேலையைக் கொடுத்தார்கள் அல்லவா? வியந்துவிட்டுப் போ என்பதற்கும், உன் கண்ணை எனக்குக் கடன் கொடு என்பதற்கும் எவ்வளவு வேற்றுமை!

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை பிற்பகல். கருநாடகம், ஆந்திரம், ஒரிசா வழியாக முழுச் சூரிய கிரகணம் கடந்தது. மக்கள் கதவை அடைத்து உள்ளே இருந்தனர். அவர்கள் வெளியே வந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதிருக்கத் தூர்தர்ஷன் அந்நேரத்தில் ஒரு திரைப்படத்தை ஒளிபரப்பியதாகப் பலரும் எழுதியுள்ளனர். நாம் அப்போது ஐந்தாம் வகுப்பு மாணவர். நம் தெருவில் தொலைக்காட்சி இல்லை; பயம் மட்டும் தாராளமாக இருந்தது. சூலுற்ற பெண்களை இருட்டறையில் இருத்தி, தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

பதினைந்து ஆண்டுகள் சென்றன. 1995 அக்டோபர் 24 அன்று காலை இராசத்தான் முதல் வங்காளம் வரை முழுக் கிரகணம் தெரிந்தது. இம்முறை அதே தூர்தர்ஷன் நேரலையாகக் காட்டியது. பேராசிரியர் யஷ்பால் அமர்ந்து விளக்கினார். 'டர்னிங் பாயிண்ட்' என்ற தொடரில் பொதுமக்களின் கேள்விகளுக்கு விடையளித்து வீடுதோறும் அறிமுகமானவர் அவர். அறிவியல் இயக்கத்தினர் சூரிய வடிகண்ணாடிகளுடன் ஊர்களில் நின்றனர். திரையும் தெருவும் ஒன்றாக வேலை செய்த நாள் அது. நம் தமிழ்நாட்டில் 2010 சனவரி 15இல் கன்னியாகுமரி, தனுஷ்கோடிப் பக்கமும், 2019 டிசம்பர் 26இல் கோவை, திண்டுக்கல், திருச்சிப் பக்கமும் வளையக் கிரகணம் தெரிந்தபோது, பள்ளிப் பிள்ளைகள் வடிகண்ணாடி பிடித்து நின்றதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

இன்று தொலைக்காட்சி இல்லாத வீடு அரிது. 2006க்குப் பின் அரசு வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி நம் குடியிருப்புகளிலும் நுழைந்தது. காலைதோறும் அதில் இராசிபலன் கேட்கிறது. சனி, செவ்வாய், வியாழன் என்று கோள்களின் பெயர் இவ்வளவு ஒலிக்கும் வீடுகள் உலகில் வேறெங்கும் இருக்குமா என்பது ஐயமே. ஆனால் அந்தச் சனி இன்றிரவு எங்கே நிற்கிறது என்று காட்டச் சொன்னால், பலன் சொல்பவரும் கையைத் தூக்கமாட்டார், கேட்பவரும் தூக்கமாட்டார். தோசம் கழிக்கக் கடன் வாங்கிய குடும்பங்களை நாம் அறிவோம். சனியின் வளையத்தைத் தொலைநோக்கியில் ஒருமுறை கண்ட பிள்ளை, அதற்குப் பரிகாரப் பணம் கட்டுவதற்கு முன் சற்றுத் தயங்கும் என நம்புகிறோம்.

நம் பாட்டன்மார் வானத்தை அறியாதவர் அல்லர். விடிவெள்ளி முளைப்பதைப் பார்த்து ஏற்றம் இறைக்கப் போனார்கள். களத்தில் காவல் கிடந்தவர்கள் கார்த்திகைக் கூட்டம் சாய்வதைக் கண்டு நேரம் சொன்னார்கள். உழைப்பினால் வந்த அந்த அறிவு தெருவிளக்கிலும் திரை வெளிச்சத்திலும் நம் தலைமுறையில் மங்கிவிட்டது.

2023 ஆகஸ்டு 23 அன்று மாலை 6 மணி 4 நிமிடத்திற்குச் சந்திரயான்-3 நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கியது. நம் பள்ளியிலும் திரையில் காட்டினோம். பிள்ளைகள் கைதட்டி ஆரவாரித்தனர். முடிந்ததும் வீட்டுக்கு ஓட எழுந்தவர்களை நிறுத்தி, மைதானத்திற்கு அழைத்துச் சென்றோம். தெற்கே ஏறக்குறைய அரைநிலவு நின்றது. "சார், அந்த நிலாவா இது?" என்று ஒரு சிறுமி கேட்டாள். கேலி செய்து சிரித்த பையன்களும் அண்ணாந்துதான் நின்றார்கள். நம்மிடம் இருந்தது ஓர் இருகண் நோக்கி. வரிசையில் நின்று ஆளுக்கு அரை நிமிடம் பார்த்தார்கள். மறுவாரம் நான்கைந்து பேர் தாமாக வந்து, வியாழனையும் அதன் நிலவுகளையும் எப்போது பார்க்கலாம் என்று கேட்டனர். திரையை அணைத்தவுடன் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இந்த நால்வர் கிடைத்திருக்கமாட்டார்கள்.

ஆகவே கழக இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொலைக்காட்சியில் கிரகணமோ, வால்மீனோ, ஏவுகணையோ காட்டும் நாளைத் தவறவிடாதீர்கள். அன்றிரவே மாலைப் பள்ளிப் பிள்ளைகளைக் கழகக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு ஏற்றுங்கள். பெண்பிள்ளைகள் வருவதற்குத் தாய்மார்களும் உடன் வரட்டும். பெரிய தொலைநோக்கிக்கு நன்கொடை திரட்டும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கருவியே இல்லாமல் செய்யத்தக்க வேலை ஒன்றும் உண்டு. திருவாதிரை என்று நாம் அழைக்கும் செந்நிற விண்மீன் ஒளி மாறும் தன்மையது. 2019 இறுதியில் அது மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில், அருகே மறு தோளில் உள்ள பெல்லாட்ரிக்ஸ் அளவுக்குத் தாழ்ந்தது. அவ்விண்மீன் வெளியேற்றிய தூசி மறைத்ததே முதன்மைக் காரணம் என்று பின்னர் கண்டனர். அந்த மங்கலை உலகெங்கும் ஆர்வ வானியலர் வெறுங்கண்ணாலும் அளந்து எழுதினார்கள். அளக்கும் முறை எளிது. ஒரு பக்கம் ரோகிணி, மறுபக்கம் பெல்லாட்ரிக்ஸ். திருவாதிரை இவ்விரண்டில் எதற்கு நெருங்கிய ஒளியோடு இருக்கிறது, எதனினும் மிகுந்திருக்கிறதா என்று பார்த்து, நாளும் நேரமும் இட்டு எழுத வேண்டும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மாலையிலேயே தெரியும். இதற்கென நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கழக நூலகரிடம் இன்று கொடுத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் கட்டம் போட்டிருக்கிறது. பெயர் எழுதும் இடம் காலியாக உள்ளது.