பச்சையெல்லாம் காடு இல்லீங்க!



பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியா வால்பாறைக்குப் போயிருக்கீங்களா? 40 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே ஏறினா, கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் ஒரே பச்சை. உடனே போனை எடுத்து, 'அழகான காடு'ன்னு ஸ்டேட்டஸ் போடுவோம். ஆனா அந்தப் பச்சையில் பெரும்பகுதி காடு இல்லைங்க, தேயிலைத் தோட்டம்.

ஒரு காலத்தில் அங்கே இருந்தது வெப்பமண்டல மழைக்காடு. 1890-களில் தொடங்கி, காப்பிக்கும் தேயிலைக்கும் மரங்கள் வெட்டப்பட்டன. பின்னர் சாலை, அணை, மின்நிலையம் எல்லாம் வந்தன. வேலை, தண்ணீர், மின்சாரம் என்று நமக்குப் பயனும் கிடைத்தது. காடு மட்டும் துண்டு துண்டாகிவிட்டது. சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம் இருக்க, நடுவே தோட்டங்களுக்குள் சின்னச் சின்னத் தீவுகளாக மழைக்காடு நிற்கிறது.

துண்டானா என்ன ஆகும்? ஓரங்களில் வெயிலும் காற்றும் புகுந்து மண்ணின் ஈரம் குறையும். உண்ணிச்செடி போன்ற அயல் களைகள் பரவும். சிங்கவால் குரங்கு மரத்துக்கு மரம் தாவி வாழ்வது. மரத்தொடர் அறுந்தா சாலையில் இறங்குது, வண்டியில் அடிபடுது. இருவாச்சிப் பறவை முதிர்ந்த பெரிய மரத்தின் பொந்தில்தான் முட்டையிடும். இன்னைக்கு நட்ட கன்று அந்த அளவுக்கு வளர்வதைப் பார்க்க நம்ம ஆயுள் போதாது.

அதனால முதல் வேலை, இருக்கிற காட்டைக் காப்பது. 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி, வனநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காடர் போன்ற பழங்குடி மக்களின் கிராம சபைக்கும் காட்டைக் காக்கும் அதிகாரம் தருகிறது.

அடுத்த வேலை, சிதைந்ததைச் சீர்செய்வது. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பு, தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து 20 ஆண்டுகளுக்கும் மேலாக இதைச் செய்து வருகிறது. களையை அகற்றி, அந்த மண்ணுக்கே உரிய மரங்களை விதையிலிருந்து நாற்றங்காலில் வளர்த்து, பல வகைகளைக் கலந்து நடுறாங்க. யூகலிப்டஸை வரிசையா நட்டா தோப்பு வரும், மழைக்காடு வராது.

சரி, நாம என்ன செய்யலாம்?

• குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்காதீங்க. மலைச்சாலையில் வண்டியை மெதுவா ஓட்டுங்க.

• மலையேற்றம் போக ஆசையா? 2024-ல் தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் முன்பதிவு செய்து, அனுமதிக்கப்பட்ட பாதையில் வழிகாட்டியோடு போங்க.

• காட்டில் தீ தெரிந்தா முதலில் 112-க்கு அழையுங்க. வீடியோ எடுப்பதெல்லாம் அப்புறம்.

• கன்று நடும் முன், 'இது இந்த மண்ணுக்குரிய மரமா?'ன்னு கேளுங்க.

இந்த மலைகளின் தண்ணீர்தான் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் வழியாகக் கோவை, திருப்பூர் மாவட்ட வயல்களுக்கு வருகிறது. மேலே காடு ஈரத்தைப் பிடித்து வைத்தால்தான் கீழே வாய்க்காலில் தண்ணீர் ஓடும். அடுத்த முறை மலை ஏறும்போது, எது தோட்டம், எது காடு என்று உங்க பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டுங்க. தெரிந்த காட்டைத்தான் அவங்க நாளைக்குக் காப்பாத்துவாங்க.