வண்ணத்துக்கு அடியில் உள்ள வேலை

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிராமத் தொழில்களைப் பற்றிப் பேச வருகிறவர்கள் தறியையும் செக்கையும் சூளையையும் பற்றிப் பேசுவது வழக்கம். நாம் இன்று எடுத்துக்கொண்டிருப்பது தார்ச் சாலையோரத்தில் தகரக் கூரையின்கீழ் நடைபெறும் ஒரு தொழில். மோதி நசுங்கிய மோட்டார் வண்டியின் உடலைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவரும் பட்டறையைப் பற்றியே பேச விரும்புகிறோம். என்ஜினைப் பழுது பார்க்கும் மெக்கானிக் வேறு, இத்தொழிலாளி வேறு. இவரை மக்கள் டிங்கர் என்று அழைக்கிறார்கள். இவரோடு ஒரு பெயிண்டரும் சேர்ந்தால் பட்டறை முழுமை பெறுகிறது.

மாட்டு வண்டி ஓடிய நாளில் தச்சரும் கொல்லரும் ஊரிலேயே இருந்தனர். அச்சு முறிந்தாலும் பட்டை கழன்றாலும் அன்றைக்கே வேலை நடந்தது. இன்று நம் ஊர்களில் டிராக்டரும் டிரெய்லரும், பால் வண்டியும், காய்கறி ஏற்றும் சிறு லாரியும், வீட்டுக்கொரு மோட்டார் சைக்கிளும் ஓடுகின்றன. லாரிக்குப் பாடி கட்டுவதில் நாமக்கல்லும், பஸ்ஸுக்குப் பாடி கட்டுவதில் கரூரும் பெயர் பெற்றுவிட்டன. ஆயினும், அடிபட்ட வண்டியை எவ்வாறு செப்பனிடுகிறார்கள் என்பதை அறிந்தவர் நம்மிடையே சிலரே. அறியாமையினால் வரும் நஷ்டமோ பெரிது.

நாம் வாழும் ஊரில் நடந்ததொன்றைச் சொல்லுகிறோம். பால் உற்பத்தியாளர் சங்கத்துக்கு ஒரு சிறு சரக்கு வண்டி உண்டு. மழை நாளில் அது சறுக்கிப் புளியமரத்தில் மோதிற்று. அருகிலிருந்த பட்டறைக்கு இழுத்துச் சென்றோம். பத்து நாளில் கண்ணாடி போலப் பளபளத்துக்கொண்டு வண்டி திரும்பியது. கேட்ட தொகையை மகிழ்ச்சியுடன் கொடுத்தோம். மூன்று மாதம் சென்றபின் முன் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருப்பதை டிரைவர் காட்டினார். ஸ்டீயரிங்கைவிட்டால் வண்டி இடப்பக்கம் ஒதுங்குகிறது என்றும் சொன்னார். அடுத்த மழைக்காலத்தில் வண்ணம் கொப்புளித்தது. வேறொரு பட்டறையில் காட்டியபோது அங்கிருந்த மேஸ்திரி ஒரு சிறு காந்தத்தை எடுத்துக் கதவின்மீது வைத்தார். அது ஒட்டாமல் கீழே விழுந்தது. தகட்டின்மேல் ஒரு விரல் தடிப்புக்குப் பட்டி பூசப்பட்டிருந்தது. அடியிலிருந்த சட்டமும் நிமிர்த்தப்படவில்லை. அந்த வண்டியில்தான் நாள்தோறும் விடியற்காலையில் நம் ஊர்ப் பிள்ளைகள் இருவர் பால் கேன்களுடன் போய்வந்தார்கள்.

ஆகவே, வேலை எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

வண்டி வந்தவுடன் சுத்தியலை எடுப்பவர் நல்ல தொழிலாளி அல்லர். முதலில் அவர் பார்க்கிறார். கதவுகள் தடையின்றி மூடுகின்றனவா, கதவுக்கும் உடலுக்கும் இடையேயுள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக உள்ளதா என்று கவனிக்கிறார். பிறகு சட்டத்தை அளக்கிறார். வயலில் மூலைமட்டம் பார்க்கக் குறுக்குக்கயிறு பிடிக்கிறோமல்லவா? அதே முறைதான். வலது முன்மூலையிலிருந்து இடது பின்மூலைக்கும், இடது முன்மூலையிலிருந்து வலது பின்மூலைக்கும் அளவெடுத்தால் இரண்டும் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாவிடில் சட்டம் கோணியிருக்கிறது. லாரி, டிராக்டர் டிரெய்லர் போன்றவற்றில் சட்டம் தனியாகவும் மேற்பகுதி தனியாகவும் உள்ளன. இக்காலக் கார்களில் பெரும்பாலும் உடலே சட்டம். எனவே, காரின் அடிப்பகுதி கோணினால் அது வெறும் அழகுக் குறை ஆகாது. கோணிய சட்டத்தைச் சங்கிலியாலும் ஹைட்ராலிக் ஜாக்கியாலும் சிறிது சிறிதாக இழுத்து, இழுக்குந்தோறும் அளந்து நேராக்குகிறார்கள்.

அதன் பின்னரே தகட்டு வேலை. நசுங்கிய இடத்தின் உட்புறம் டாலி என்னும் இரும்புக் கட்டியைத் தாங்கலாகப் பிடித்து, வெளிப்புறத்தில் சுத்தியலால் மெல்லத் தட்டுவார்கள். பள்ளத்தின் நடுவில் ஓங்கி அடிப்பது கற்றுக்குட்டியின் வேலை. மோதலில் கடைசியாக மடிந்த இடத்தை முதலில் எடுத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வருவதே முறை. தட்டத் தட்டத் தகடு நீண்டு உப்பிவிடுவதும் உண்டு. அப்போது ஒரு காசளவு இடத்தைத் தீயால் சிவக்கக் காய்ச்சி, தட்டி, ஈரத்துணியால் குளிர்விப்பார்கள். தகடு சுருங்கிக்கொள்ளும். இது உங்களுக்குப் புதிதன்று. வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி ஏற்றி நீர் ஊற்றும்போது, பட்டை சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்வதைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அக்கொல்லரின் அறிவே இங்கும் தொழிற்படுகிறது. ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இக்கால வண்டிகளின் தூண்களிலும் விட்டங்களிலும் உயர்வலிமை எஃகு சேர்க்கப்படுகிறது. அதைக் காய்ச்சினால் வலிமை போய்விடும். அம்பாசிடர் காரின் தடித்த தகட்டில் பழகிய கை, புதிய காரின் மெல்லிய தகட்டுக்கு முன் மறுபடியும் மாணவனாக வேண்டியிருக்கிறது. அக்காரின் உற்பத்தியும் 2014 ஆம் ஆண்டில் நின்றுவிட்டது.

வெல்டிங் செய்யுமுன் பாட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் டாங்க் அருகிலிருந்தால் அதையும் அகற்ற வேண்டும்.

இனிப் பட்டி. பட்டியே தீது என்று நாம் கூறவில்லை. சுத்தியலின் சிறு தடங்களை மறைக்க அது அவசியமே. தேய்த்து முடித்தபின் ஏறத்தாழ 3 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் இருந்தால் நெடுநாள் நிற்கும். தகட்டைத் தட்டி எடுக்கச் சோம்பிப் பள்ளத்தைப் பட்டியால் நிரப்புவதே தீது. அது வெடிக்கும், நீர் இறங்கும், துரு உள்ளிருந்து தின்னும். பட்டியை உப்புத்தாளால் தேய்த்து, துருவைத் தடுக்கும் பிரைமர் அடித்து, மீண்டும் நுண்ணிய தாளால் தேய்த்து, நிறமும் அதன்மேல் தெளிபூச்சும் அடிக்கிறார்கள். பெரிய பட்டறைகளில் தூசு புகாத அறையில் ஏறத்தாழ 60 பாகை வெப்பத்தில் வண்டியை உலர்த்துவார்கள். நிறத்தைச் சேர்ப்பது தனிக்கலை. வெயிலில் மங்கிய பழைய கதவுக்கு ஈடாகப் புதிய வண்ணம் கலக்கும் பெயிண்டருக்குக் கணக்கும் வேண்டும், கண்ணும் வேண்டும்.

இவ்விடத்தில் மிகவும் கவலைக்குரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்போது பரவலாக உபயோகிக்கும் இரட்டைக் கலவைப் பூச்சின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்னும் இரசாயனப் பொருள் இருக்கிறது. அதன் நுண்துளிகளைச் சுவாசித்தவர்களுக்குத் தீராத ஆஸ்துமா வரக்கூடும். ஒருமுறை வந்துவிட்டால், பின்னர் சிறிதளவு பட்டாலும் மூச்சுத் திணறும். முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொள்வது இதற்குக் காப்பாகாது. வெளியிலிருந்து குழாய் வழியே தூய காற்று வரும் முகமூடியே ஏற்றது. கைக்குட்டையுடன் பெயிண்ட் அடிக்கும் இளைஞர்களை நாம் பல பட்டறைகளில் கண்டோம். நாற்பது வயதுக்குள் தொழிலைவிட்டவர்களையும் கண்டோம்.

பணம் கொடுப்பவர் கேட்க வேண்டியவை சில உண்டு. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீட்டை. உங்கள் வண்டியின் நசுங்கலுக்கு அதிலிருந்து ஒரு காசும் கிடைக்காது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்துக் காப்பீடு செய்திருந்தால், கம்பெனிக்குத் தகவல் கொடுத்து, சர்வேயர் பார்க்கும்வரை எதையும் கழற்றவிடாதீர்கள். வேலைக்கு முன் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டி பூசுவதற்கு முன்பு ஒருநாள், பூசிய பின்பு ஒருநாள், நேரில் சென்று பாருங்கள். பழைய வண்டி வாங்கும்போது சட்டைப்பையில் ஒரு காந்தம் இருக்கட்டும். பிளாஸ்டிக் பம்பரிலும் அலுமினியத் தகட்டிலும் அது இயல்பாகவே ஒட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். வண்டியின் நிறத்தை மாற்றினால் பதிவுச் சான்றிலும் மாற்ற வேண்டும்.

இத்தொழிலில் நம் பிள்ளைகளுக்கு வாழ்வு உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. எடுபிடியாகச் சேர்ந்து, திட்டு வாங்கி, பல ஆண்டுகள் கழித்துச் சுத்தியல் பிடித்தவர்களே இன்றைய மேஸ்திரிகளில் பலர். அவர்களுடைய கைத்திறனுக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால், அவர்கள் வந்த வழியே நம் பிள்ளைகளும் வர வேண்டியதில்லை. 14 வயதுக்குட்பட்ட சிறுவரைப் பட்டறையில் வேலைக்கு அமர்த்துவது சட்டப்படி குற்றம். அபாயமான வேலைகளுக்கு 18 வயது நிரம்ப வேண்டும் என்று 2016 ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. தொழிற்பயிற்சி நிலையங்களின் பாடத்திட்டத்தில் மோட்டார் உடல் பழுதுபார்த்தல், மோட்டார் உடல் வண்ணப்பூச்சு என ஓராண்டுப் படிப்புகள் இரண்டு உள்ளன. எல்லா நிலையங்களிலும் இவை இல்லை; விசாரித்துச் சேர வேண்டும். வெல்டர், தகட்டு வேலை ஆகிய படிப்புகளும் இதற்கு உதவும். பின்னர் 1961 ஆம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டத்தின்படி உதவித்தொகையுடன் பட்டறையில் பயிலலாம். உலகத் திறன் போட்டிகளில் இவ்விரு தொழில்களுக்கும் தனித்தனிப் போட்டி இருக்கிறது என்பதை, இதைக் கரிபடிந்த வேலை என்று இகழ்பவர்களுக்குச் சொல்லுங்கள். கற்றவர் டிங்கராகலாம், பெயிண்டராகலாம், நிறம் கலப்பவராகலாம், மதிப்பீடு எழுதுபவராகலாம். பொறியியல் பட்டயமும் பெற்றால் உரிமம் பெற்ற காப்பீட்டுச் சர்வேயராக முயலலாம். நிறம் கலப்பதிலும் மதிப்பீட்டிலும் பெண்பிள்ளைகள் ஏன் முன்வரக்கூடாது என்பது நமக்கு விளங்கவில்லை. சொந்தப் பட்டறை வைக்க எண்ணுபவர் மட்டும், கம்ப்ரெசரும் வெல்டிங் இயந்திரமும் வாங்கக் கடன்படுமுன் சில ஆண்டுகள் பிறரிடம் வேலை பார்க்கட்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. இத்தகைய தொழிலிடங்களுக்கு உரிமம் வழங்கும் பொறுப்பு 1994 ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தினால் உங்களிடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தை ஒட்டிப் பெயிண்ட் அடிக்கும் கொட்டகைக்கு இடம் கொடுக்காதீர்கள். கழிவுத் தின்னரும் தேய்த்த நீரும் ஓடைக்குப் போகின்றனவா என்று பாருங்கள். மூடியுள்ள பீப்பாய் ஒன்றையும், தீயணைக்கும் கருவி ஒன்றையும், நல்ல முகமூடியையும் கேட்பது தொழிலுக்குத் தடை செய்வதாகாது.

பால் வண்டியின் கதையை முடித்துவிடுகிறோம். இரண்டாம் பட்டறையில் சட்டத்தை நிமிர்த்தி, கதவை மாற்றினார்கள். முதலில் கொடுத்ததைவிட அதிகம் செலவாயிற்று. அப்போது உடன் சென்றிருந்த நம் ஊர்ப் பையன் ஒருவன், தொழிற்பயிற்சி முடித்து இப்போது அங்கேயே அப்ரெண்டிஸாக இருக்கிறான். சென்ற மாதம் வண்டியின் பின்கதவில் புதிதாக ஒரு நசுங்கல் விழுந்தது. மேஸ்திரி அதை அவனிடமே ஒப்படைத்தார். தட்டி முடித்தபின், பட்டி பூசுமுன், அவன் சங்கத் தலைவரை அழைத்து, "ஐயா, கையால் தடவிப் பாருங்கள்" என்றானாம்.