நியூயார்க்கில் வாக்குறுதி! ஜெனிவாவில் கெடுபிடி!

(ஆர்ப்பாட்ட விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



இந்த ஆர்ப்பாட்டத்துக்கு ஊர் ஊராக ஆள் திரட்டப் போனபோது பல இடங்களில் எங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான். "ஏங்க, கொள்முதல் நிலையத்து வாசல்ல நெல்லைக் கொட்டிட்டு ஒரு வாரமா காவல் கெடக்குறோம். சாக்கு இல்லேங்கிறாங்க, ஈரப்பதம் கூடுதல்ங்கிறாங்க. அதைப் பேசுறதை விட்டுட்டு ஜெனிவா, அபுதாபின்னு பேசுறீங்களே?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். சாக்கும் ஈரப்பதமும் நம் கோரிக்கைப் பட்டியலில் இருக்கின்றன, அதை விடப் போவதில்லை. ஆனால் அந்தக் கொள்முதல் நிலையத்தில் அரசாங்கம் எவ்வளவு விலைக்கு, எவ்வளவு நெல் வாங்கலாம் என்று நம்மைக் கேட்காமலேயே பேசுகிற இடம் ஒன்று இருக்கிறது. வாசலில் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தால், கொல்லைப்புறம் கதவைக் கழற்றிக்கொண்டு போவது தெரியாது. அதனால்தான் பேசுகிறோம்.

உலகத்தில் இரண்டு மேடைகள்

முதல் மேடை வாக்குறுதி மேடை. 1996-இல் ரோம் நகரில் உலக உணவு மாநாடு கூடியது. 80 கோடிப் பேருக்கு மேல் பசியால் வாடுகிறார்கள், 2015-க்குள் அதைப் பாதியாகக் குறைப்போம் என்றார்கள். 2015 வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 25 அன்று நியூயார்க்கில் ஐ.நா. சபையின் 193 நாடுகளும் கூடி 17 'நீடித்த வளர்ச்சி இலக்குகளை' அறிவித்தன. இரண்டாவது இலக்கு, 2030-க்குள் பசியே இல்லாத உலகம். சிறு விவசாயிகளின் விளைச்சலையும் வருமானத்தையும் இரண்டு மடங்காக்குவோம் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் 2024-இல் பசியில் இருந்தவர்கள் சுமார் 67 கோடிப் பேர் என்று ஐ.நா. அமைப்புகளே கணக்குச் சொல்லியிருக்கின்றன.

2018 டிசம்பர் 17 அன்று அதே ஐ.நா. சபை விவசாயிகளின் உரிமைகள் பற்றி ஒரு பிரகடனம் நிறைவேற்றியது. விவசாயியும் அவன் குடும்பமும் கௌரவமாக வாழத் தக்க விலை கிடைக்க அரசுகள் வழி செய்ய வேண்டும் என்கிறது அது. ஆதரவு 121 நாடுகள், எதிர்ப்பு 8, நடுநிலை 54. இந்தியா ஆதரித்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் எதிர்த்தன.

எல்லாம் நல்ல தீர்மானங்கள்தான். ஒரே ஒரு குறை. மீறினால் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது!

இரண்டாவது மேடை ஜெனிவாவில் இருக்கிறது. 1994 ஏப்ரல் 15 அன்று மராகேஷ் நகரில் கையெழுத்தாகி, 1995 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பு. இங்கே மீறினால் வழக்கு உண்டு, தீர்ப்பு உண்டு, பதிலடி வரி உண்டு. பசியை ஒழிப்பது வெறும் வாக்குறுதி, வியாபாரம் மட்டும் சட்டம். இதுதான் இன்றைய உலக வளர்ச்சிக் கொள்கையின் லட்சணம்!

தாத்தா காலத்துக் கணக்கு

அங்கே நம் நெல்லுக்கு எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் தெரியுமா?

அரசு ஒரு விலையை அறிவித்துக் கொள்முதல் செய்தால், அந்த விலைக்கும் 1986-88 ஆண்டுகளின் விலைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் 'மானியம்' என்கிறார்கள். அந்த மானியம் நம்மைப் போன்ற நாடுகளில் அந்தப் பயிரின் மொத்த உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1986-88-இன் அடிப்படை விலை, அரிசிக்குக் கிலோ 3 ரூபாய் 52 காசு!

1986-87-இல் சாதாரண ரக நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 146 ரூபாய். 2025-26-க்கு 2,369 ரூபாய். நெல்லை அரிசியாக்கிப் பார்த்தால் கிலோ 35 ரூபாய்க்கு மேல் வரும். அதில் மூன்றரை ரூபாய் போக மிச்சமெல்லாம் நமக்குக் கிடைத்த மானியமாம்! உரம் என்ன விலை விற்கிறது, டீசல் என்ன விலை, அறுவடை மெஷினுக்கு மணிக்கு என்ன வாடகை? இதையெல்லாம் கேட்க அங்கே யாருமில்லை. தாத்தா கல்யாணத்துச் செலவுக் கணக்கை வைத்துக்கொண்டு, "பேரன் கல்யாணத்துல ஊதாரித்தனம் பண்ணிட்டான்" என்று சொல்வது மாதிரி இருக்கிறது!

இந்தியா ரூபாயில் கணக்குக் காட்டாமல் டாலரில் காட்டிவந்தது. அப்படிக் காட்டியும் 2018-19-இல் அரிசியில் வரம்பு தாண்டிவிட்டது. உற்பத்தி மதிப்பு 4,367 கோடி டாலர், ஆதரவு சுமார் 500 கோடி டாலர். அமெரிக்கா அதற்கு முன்பே, 2018-லேயே, இந்தியா சொல்லும் கணக்கே தப்பு என்று எதிர்க்கணக்குத் தாக்கல் செய்தது. கொள்முதல் செய்த நெல்லை மட்டும் பார்க்கக் கூடாது, விளைந்த மொத்த நெல்லையும் சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதாவது நாம் சாப்பாட்டுக்கென்று வீட்டில் வைத்திருக்கிற நெல்லுக்கும் மானியக் கணக்கு!

அவர்களுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம்

பணக்கார நாடுகள் தங்கள் விவசாயிக்கு மானியமே கொடுப்பதில்லையா? கொடுக்கிறார்கள். விலையோடு சேர்க்காமல் நேரடியாகப் பணமாகக் கொடுத்தால் அதற்கு 'பச்சைப் பெட்டி' என்று பெயர், வரம்பே கிடையாது. பெட்டிக்குப் பச்சைச் சாயம் அடித்தவர்களும் அவர்களேதான்.

பருத்திக் கதையைக் கேளுங்கள். அமெரிக்கப் பருத்தி மானியத்தை எதிர்த்து பிரேசில் வழக்குப் போட்டு ஜெயித்தது. அமெரிக்கா மானியத்தை நிறுத்தியதா? இல்லை. 2010-இல், பதிலடி வரி போடாமலிருக்க பிரேசிலுக்கு ஆண்டுக்கு 14.73 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 2014-இல் இன்னும் 30 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. சொந்த நாட்டு விவசாயியைக் காப்பாற்ற அடுத்த நாட்டுக்குத் தண்டம் கட்டக்கூடத் தயாராக இருந்தார்கள். மானியத்தை எதிர்த்து 2003-லேயே குரல் கொடுத்த பெனின், புர்கினா பாசோ, சாட், மாலி ஆகிய ஆப்பிரிக்கப் பருத்தி நாடுகளுக்கு என்ன கிடைத்தது? பேச்சுவார்த்தை!

வாய்தா மேல் வாய்தா

2013 செப்டம்பரில் இந்தியாவில் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே டிசம்பரில் பாலித் தீவு மாநாட்டில் பிரச்சினை வெடித்தது. கடைசியில் 'சமாதான விதி' என்று ஒன்று போட்டார்கள். நிரந்தரத் தீர்வு வரும்வரை இப்போதிருக்கும் கொள்முதல் திட்டங்கள் மீது வழக்குப் போட மாட்டோம், 2017 மாநாட்டுக்குள் தீர்வு காண்போம் என்றார்கள்.

2017 பியூனஸ் ஏர்ஸ், தீர்வில்லை. 2022 ஜெனிவா, தீர்வில்லை. 2024 அபுதாபி, ஒரு நாள் கூடுதலாக உட்கார்ந்து பேசியும் விவசாயத்தில் முடிவில்லை. பாகப்பிரிவினை வழக்கு கூட இப்படி இழுத்ததில்லை!

வழக்குத்தான் போட மாட்டார்களே, பிறகென்ன என்று நினைக்காதீர்கள். அந்தச் சமாதான விதி 2013 டிசம்பர் 7-க்கு முன்பிருந்த திட்டங்களுக்கு மட்டும்தான். "தண்ணீர் கம்மியாக் கேக்குற பயிருக்கு மாறுங்க, சிறுதானியம் போடுங்க" என்கிறார்கள். 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்றே ஐ.நா. கொண்டாடியது. சரி, மாறுகிறோம். வாங்குவது யார்? நியாய விலைக்கு வாங்க அரசு புதிதாக ஒரு திட்டம் தொடங்கினால் அதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நிலத்தடி நீரைக் காப்பாற்று என்று ஒரு மேடையில் உபதேசம், காப்பாற்றுவதற்கான வழிக்கு இன்னொரு மேடையில் பூட்டு!

கரும்பில் வழக்கே வந்துவிட்டது. 2019-இல் ஆஸ்திரேலியா, பிரேசில், கவுதமாலா மூன்றும் நம் கரும்பு விலைக்கு எதிராகப் போயின. 2021 டிசம்பர் 14 அன்று இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பு. இந்தியா மேல்முறையீடு செய்தது. அந்த மேல்முறையீட்டு அமைப்போ, உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால் 2019 டிசம்பரிலேயே முடங்கிவிட்டது. கோர்ட்டு பூட்டியதால் தப்பித்தோம். இது ஒரு பாதுகாப்பா?

எதிர்த்தரப்பு சொல்வதையும் கேட்போம்

"இந்தியா சேமித்த அரிசி வெளிச்சந்தைக்கு வந்தால் மற்ற நாட்டு விவசாயிக்கு விலை விழும்" என்கிறார்கள். அந்த விவசாயியும் நம் சகோதரன்தான். அவன் வயிற்றில் அடித்து நாம் வாழ வேண்டாம். ரேஷனுக்கு வாங்கியது ரேஷனுக்கே போகட்டும். 2023 ஜூலையில் பச்சரிசி ஏற்றுமதியை இந்தியா திடீரென்று தடை செய்தபோது, நம் அரிசியை நம்பியிருந்த ஆப்பிரிக்க ஏழைகள் தவித்தார்கள் என்பதையும் மறைக்க மாட்டோம். நாம் கேட்பது உலகத்தைக் கெடுக்க உரிமை அல்ல. விளைவிக்கிறவன் பிழைக்கவும் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவன் சாப்பிடவும் உரிமை.

நம்மைக் கேட்டார்களா?

அரசியல் சட்டத்தில் மாநிலப் பட்டியலின் 14-ஆவது இனம் விவசாயம். மத்தியப் பட்டியலின் 14-ஆவது இனம் வெளிநாட்டு ஒப்பந்தம். ஆக, பயிர் வைப்பது மாநில விஷயம், அந்தப் பயிரை அடகு வைப்பது மத்திய விஷயம்! சட்டமன்றத்தில் பேசாமல், விவசாயச் சங்கங்களைக் கூப்பிடாமல் அமைச்சர் விமானம் ஏறுவதை இனியும் ஏற்க முடியாது.

2003 செப்டம்பர் 10 அன்று மெக்சிகோவின் கான்கூன் மாநாட்டு வாசலில் லீ கியுங் ஹே என்ற கொரிய விவசாயத் தலைவர் தன் உயிரையே மாய்த்துக்கொண்டார். உலக வர்த்தக அமைப்பு விவசாயிகளைக் கொல்கிறது என்று எழுதிய அட்டை அவரிடம் இருந்தது. அவருக்கு நம் வீரவணக்கம். ஆனால் தோழர்களே, இன்னொரு உயிர் போக வேண்டாம். 2020 நவம்பரில் டெல்லி எல்லையில் உட்கார்ந்த விவசாயிகள் ஓராண்டு கழித்து மூன்று சட்டங்களையும் ரத்து செய்ய வைத்துத்தான் எழுந்தார்கள். 2024 பிப்ரவரி 26, அபுதாபி மாநாடு தொடங்கிய அன்று, உலக வர்த்தக அமைப்பை விட்டு விவசாயத்தை வெளியே எடு என்று சாலைகளில் டிராக்டரோடு நின்றார்கள். நமக்கு வழி காட்டுவது அதுதான். சாவு அல்ல, சங்கம்!

நமது கோரிக்கைகள்

மத்திய அரசே!

1. பொதுக் கொள்முதலுக்கு நிரந்தரத் தீர்வு கிடைக்காமல் வேறு எந்த விவசாய ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாதே!
2. 1986-88 அடிப்படை விலையை மாற்றப் போராடு! புதிய பயிர்களின் கொள்முதலுக்கும் பாதுகாப்பு பெறு!
3. சுவாமிநாதன் குழு சொன்னபடி, மொத்த உற்பத்திச் செலவோடு 50 சதவீதம் சேர்த்து ஆதரவு விலையைச் சட்டமாக்கு!
4. எந்த வர்த்தக ஒப்பந்தத்தையும் நாடாளுமன்றத்திலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் விவாதித்த பிறகே முடிவு செய்!

மாநில அரசே!

5. கொள்முதல் நிலையங்களில் சாக்கு, தார்ப்பாய், உலர்த்தும் களம் உடனே ஏற்பாடு செய்! மழைக்காலத்தில் ஈரப்பத வரம்பைத் தளர்த்த மத்திய அரசிடம் வாதாடிப் பெறு!
6. உளுந்து, பயறு, சிறுதானியத்துக்கும் கிராமத்திலேயே கொள்முதல் நிலையம் திற!

பெருமக்களே, ஜெனிவா தூரம்தான். ஆனால் அங்கே ஒரு புள்ளி மாறினால் இங்கே நம் களத்தில் ஒரு மூட்டை குறையும். வட்டாட்சியர் அலுவலகத்து வாசலில் நாம் எழுப்பும் குரல் மாவட்டத்துக்குப் போகட்டும், மாவட்டத்துக் குரல் டெல்லிக்குப் போகட்டும், டெல்லி அதைச் சுமந்துகொண்டு ஜெனிவாவுக்குப் போகட்டும்!

வீட்டுக்கு ஒருவர் என்று விட்டுவிடாதீர்கள். குடும்பத்தோடு வாருங்கள்!

திரண்டு வாரீர்! ஒன்றுபடுவோம், போராடுவோம், வெற்றி பெறுவோம்!