கைந்நாட்டும் கையொப்பமும்



எழுத்தறியாத நம் முன்னோர், கடன் பத்திரத்தில் எழுதியிருப்பது இன்னதென்று அறியாமலே கைந்நாட்டு வைத்தனர். படித்த நாமோ மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்தை வாசிக்காமலே கையொப்பமிடுகிறோம். இரண்டுக்கும் வேறுபாடு என்ன?

'நீரிழிவு உண்டா?' என்னும் வினாவுக்கு, முகவர் சொன்னாரென்று 'இல்லை' என எழுதிவிடுகிறோம். மறைத்தது பின்னர் வெளிப்பட்டால் நிறுவனம் பணம் தர மறுக்கலாம். அப்போது மருத்துவமனைக் கடன் நம் பிள்ளைகளின் படிப்பைத் தின்றுவிடும்.

உண்மையை எழுதினால் கூடுதல் பிரீமியம் கேட்கலாம். சில வேளை மறுக்கவும் கூடும். ஆயினும் அதுவே நேர்வழி. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பு 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. இடையில் பாலிசியை விட்டுவிடலாகாது.

பிரீமியம் கட்ட இயலாதோர் சோர்வடைய வேண்டா. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்துக்குப் பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. பழைய நோய் அதற்குத் தடையன்று. குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தை நாடுவோம்.

25 ஆண்டுகளாக இச்சங்கம் நமக்களித்த எழுத்து, தேர்வுக்கு மட்டும் உரியதன்று. நம் தெருவில் வாசிக்க இயலாதோரின் பத்திரங்களையும் வாசித்துக் காட்டுவோமாக!