புயலுக்குப் பின் வந்த செய்தியும் வராத செய்தியும்

(அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாலக்காட்டுக்காரர்களுக்கும் புயலுக்கும் என்ன ஸம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். கடல் நமக்குத் தூரம். ஆனால் 2018 நவம்பர் 16-ஆம் தேதியைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அன்று ஐப்பசி கடைசி நாள். கல்பாத்தியில் மூன்றாம் தேர், சாயங்காலம் தேவரத ஸங்கமம். மாயவரத்தில் கடைமுகம். அதே தினம் பின்னிரவு 12.30-க்கும் 2.30-க்கும் நடுவில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. நம் முன்னோர்கள் தஞ்சாவூர்ச் சீமையை விட்டுக் கணவாய் வழியாக மேற்கே வந்தார்கள். கஜா அதற்குச் சற்றுத் தெற்கே, மலையேறி இடுக்கி வழியாக வந்து அன்றைக்கே அரபிக் கடலில் இறங்கிவிட்டது.

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் ஹரிகேன் என்பார்கள், ஜப்பான் பக்கம் டைஃபூன், நமக்கு சைக்ளோன். வஸ்து ஒன்றுதான், கடலுக்குக் கடல் பெயர் மாறுகிறது. மாப்பிள்ளைக்குச் சொந்த ஆத்தில் ஒரு பெயர், மாமனாராத்தில் ஒரு பெயர் என்பது போல! கஜா என்ற பெயரைக் கொடுத்தது ஸ்ரீலங்கா.

ஸயன்ஸ் படித்தவன் என்பதால் ஒன்றை மட்டும் விளக்கிவிட்டு மேலே போகிறேன். புயலுக்கு ஆகாரம் சூடான கடல் நீரின் ஆவி. தரைக்கு வந்ததும் ஆகாரம் நின்றுபோகிறது, காற்றின் வேகம் குறைகிறது. உடனே டெலிவிஷனில் "புயல் வலுவிழந்தது" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் வலுவிழந்தது காற்றுதான். சுமந்து வந்த ஈரம் அப்படியே இருக்கிறது. அது மலைச்சரிவில் முட்டி மேலே எழும்பிக் குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. ஆக, சென்னையில் உட்கார்ந்து செய்தி வாசிப்பவருக்குக் கதை முடிகிற இடத்தில் மூணாறுக்காரருக்குக் கதை ஆரம்பிக்கிறது.

கஜா அன்று அதுதான் நடந்தது. மூணாறிலிருந்து மறையூர், உடுமலை போகும் சாலையில் பெரியவரை என்று ஓர் இடம். அங்கிருந்த பாலம் அந்த வருஷம் ஆகஸ்ட் வெள்ளத்தில் போயிற்று. பதிலுக்குப் போட்ட தற்காலிகப் பாலத்தை நவம்பரில் கஜா மழை கொண்டுபோயிற்று. அந்தப் பாலம் அறுந்தால் தோட்டத்துத் தமிழ் ஜனங்களுக்கு ஆஸ்பத்திரியும் இல்லை, கடைவீதியும் இல்லை. நாம் தேர் தரிசனம் பண்ணிக்கொண்டிருந்த வேளையில் அங்கே அந்த நிலைமை.

இதை நம்மில் எத்தனை பேர் அன்றைக்கே அறிந்தோம்? பாலக்காட்டிலிருந்து மூணாறுக்குப் போக வேண்டுமானால் பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் போகிறோம். பத்திரிகையோ பதிப்புக் கணக்கில் நடக்கிறது. பாலக்காட்டுப் பக்கத்தில் பாலக்காட்டுச் செய்தி, இடுக்கிப் பக்கத்தில் இடுக்கிச் செய்தி, கோயம்புத்தூருக்கு ஒன்று, மதுரைக்கு ஒன்று. ஆனைமலை ஒரே மலைதான், அதன் நாலு பக்கத்துக்கும் நாலு பதிப்பு. ஒரு பக்கத்து மழை இன்னொரு பக்கத்துக்குத் தெரிவதில்லை. மலைப்பகுதி நிருபர்களைக் குறை சொல்லாதீர்கள். அவர்களில் பலர் பகுதிநேரக்காரர்கள். பாலம் அறுந்தால் அவர்களும் இந்தக் கரையில்தானே நிற்க வேண்டும்?

டெல்டாவிலும் இதே கதைதான். புயலுக்கு முன்பே 80 ஆயிரத்துக்கும் அதிகமான பேரை முகாம்களுக்கு மாற்றிவிட்டார்கள் என்று முதல் நாள் எல்லோரும் அரசாங்கத்தைப் பாராட்டினார்கள், எதிர்க்கட்சித் தலைவர் உள்பட. அது நியாயமான பாராட்டு என்பதே என் அபிப்பிராயம். ஆனால் உள்கிராமங்களில் கம்பங்கள் சாய்ந்து ஃபோனும் செத்துப்போனதால் அங்கிருந்து ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. செய்தி வராததை ஒன்றும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். ஸர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவன் சொல்கிறேன், தாலூகாவிலிருந்து ரிப்போர்ட் வராவிட்டால் தலைமை அலுவலகம் நிம்மதியாகத் தூங்கும். அடுத்தடுத்த நாட்களில் சாலை மறியல் ஆரம்பித்த பிறகுதான் தென்னந்தோப்புகள் போன விஷயம் பெரிதாக வெளிவந்தது. உயிரிழப்பு 63 என்று பின்னால் கணக்காயிற்று. நம் கேரள மின்வாரியத்து ஆட்கள் அங்கே போய்க் கம்பம் நட்டுக் கொடுத்தார்கள் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம்.

இனி பெட்டிமுடி. அது புயல் அல்ல, பருவமழை. இருந்தாலும் சொல்லாமல் விட மனஸு வரவில்லை. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராத்திரி, ராஜமலைக்கு அப்பால் தேயிலைத் தொழிலாளர்களின் லயங்கள் மேல் மலை சரிந்தது. 24 மணி நேரத்தில் 60 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கரண்ட் இல்லை, ஃபோன் இல்லை. டவருக்கு பாட்டரி சில மணி நேரம்தான் தாங்கும், அப்புறம் டீசல் வேண்டும், டீசல் வரப் பாதை வேண்டும். மறுநாள் காலையில்தான் வெளி உலகத்துக்கு விஷயம் தெரிந்தது. 70 பேர் போய்விட்டார்கள். பெரும்பாலோர் தமிழ்க் குடும்பங்கள், கயத்தாறு பக்கத்து உறவுக்காரர்கள் நிறைய. காமிராக்கள் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்த 7-ஆம் தேதி சாயங்காலம் கரிப்பூரில் விமானம் விழுந்தது. காமிராக்கள் திரும்பிவிட்டன. விமான விபத்தில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது, பெட்டிமுடிக்கு 5 லட்சம். அப்போதே பலர் கேட்டார்கள், ஏன் இந்த வித்தியாஸம் என்று. எனக்கும் திருப்தியான ஸமாதானம் கிடைக்கவில்லை.

வெளிநாட்டிலும் ஒரு திருஷ்டாந்தம் உண்டு. 2005-இல் கத்ரீனா வந்தபோது நியூ ஆர்லியன்ஸ் ஊர்ப் பத்திரிகையான டைம்ஸ்-பிக்கயூன் மூன்று நாள் அச்சடிக்க முடியாமல், இணையத்தில் மட்டும் வெளிவந்தது. எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் என்று அதைப் பார்த்துத்தான் ஊரைவிட்டு ஓடியவர்கள் தெரிந்துகொண்டார்கள். புலிட்ஸர் பரிசும் கிடைத்தது. அப்பேர்ப்பட்ட பத்திரிகை 2019-இல் போட்டிப் பத்திரிகைக்கு விற்கப்பட்டது.

நம் கிராமங்களுக்கு வருகிறேன். 2018 ஆகஸ்டில் மலம்புழை ஷட்டரைத் திறந்து கல்பாத்திப் புழை கரை மீறியபோது, பம்பாயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் நியூஜெர்ஸியிலிருந்தும் ஓயாமல் ஃபோன். டெலிவிஷனில் ஒரே காட்சியைத் திருப்பித் திருப்பிப் போடுகிறான், பிள்ளைகளுக்கு வயிறு கலங்குகிறது. அவர்களுக்கு வேண்டியது நம் தெருவில் தண்ணீர் வந்ததா, பால் வந்ததா, அம்மாவின் ப்ரெஷர் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்ற மூன்று விஷயம். இதை எந்தச் சானல் சொல்லும்? எங்களுக்கு அந்த வாரம் நிருபராக இருந்தவன் பால் கொண்டுவரும் பையன். எந்த ஆத்தில் வாசல் திறக்கவில்லை, எந்தப் பாட்டி நேற்று வைத்த பாலை எடுக்கவில்லை என்று அவனுக்குத்தான் தெரியும். ஒரு மாமி ஜ்வரத்தில் எழுந்திருக்க முடியாமல் கிடந்ததை அவன் சொல்லித்தான் பக்கத்து ஆத்துக்காரர்கள் போய்ப் பார்த்தார்கள். அவர் பிள்ளை அதே நேரத்தில் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் கேரளச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்!

ஆகையால் செயற்குழுவுக்கு ஒரு யோசனை கொடுத்திருக்கிறேன். தனியாக இருக்கும் பெரியவர்களின் பெயர், கிராமம், சாவி யாரிடம் இருக்கிறது, என்ன மருந்து, பக்கத்து ஆத்து நம்பர், இவ்வளவும் ஒரு நோட்டில். ஃபோனில் அல்ல, காகிதத்தில். கரண்ட் போனால் ஃபோனும் போகும் என்பதைத்தான் இத்தனை நேரமும் சொன்னேன். கிராமத்துக்கு இரண்டு பேர் பொறுப்பு, அதில் ஒருவர் அறுபதுக்குக் கீழே இருக்க வேண்டும். பாட்டரியில் ஓடும் ட்ரான்ஸிஸ்டர் ஒன்று. மொட்டைமாடியில் ஒரு மழைமானி, அதைத் தினம் காலை எட்டரைக்குப் பார்த்து எழுத ஒரு பள்ளிக்கூடப் பையனோ பெண்ணோ. மூணாறு, தேவிகுளம், மறையூர் பக்கம் இருக்கும் அங்கத்தினர்களின் விலாசமும் இதே நோட்டில் சேரவேண்டும். பதிப்பு வேறானாலும் சங்கம் ஒன்றுதானே?

நோட்டு வாசலருகில் மேஜைமேல் இருக்கிறது, பேனாவைக் கட்டி வைத்திருக்கிறேன். காப்பிக்குப் போகும் வழியில் எழுதிவிட்டுப் போகலாம். வெளியூர் அங்கத்தினர்கள் தங்கள் பெற்றோரின் விவரத்தை செயலாளருக்குத் தபாலில் அனுப்பலாம்.