பின் ஆக்சிலுக்கு எந்த ஆயில்?

(காளையார்கோவிலில் வாகன ஓட்டுநர்களுக்காக நடந்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் மோட்டார் மெக்கானிக் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன வருஷம் ஒரு சாயங்காலம், நம்ம மதுரை–தொண்டி ரோட்டுல விறகு லோடு ஏத்திட்டு வந்த ஒரு தம்பி, வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டு என் பட்டறைக்கு வந்தார். பின் ஆக்சிலைப் பிரிச்சா கிரவுன் வீலில் பாதிப் பல்லு இல்லை. ஆயில் மாத்தி ஒன்றரை மாசம்தான் ஆகியிருந்தது. “90 ஆயில்தானே அண்ணே ஊத்தினேன்?” என்று கேட்டார். டப்பா எங்கே என்றேன். லூஸில் வாங்கியது. பில்? அதுவும் இல்லை. அவர் ஊற்றியது என்ன ஆயில் என்று இன்றுவரை எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. வண்டிக்கு மாதத் தவணை ஓடிக்கொண்டிருந்தது. வண்டியோ மூன்று வாரம் பட்டறையில் நின்றது.

நீங்கள் அந்த நிலைக்கு வரக்கூடாது என்றுதான் இன்று பேச வந்தேன்.

உங்கள் வண்டியில் பின் டிபரன்சியல் உண்டா?

ஆல்ட்டோ, ஸ்விஃப்ட் போன்ற கார்களில் முன் சக்கரம்தான் இழுக்கும். டிபரன்சியல் கியர் பாக்ஸுடன் சேர்ந்தே இருக்கும். பின்னால் தனி ஆயில் கிடையாது. பொலேரோ, சுமோ, ஈகோ, டாடா ஏஸ், பழைய அம்பாஸடர் போன்றவை பின் சக்கரம் தள்ளும் வண்டிகள். பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இன்னோவா க்ரிஸ்டாவுக்குப் பின் டிபரன்சியல் உண்டு. 2022-இல் அறிமுகமான ஹைக்ராஸுக்குக் கிடையாது.

உங்கள் வண்டியின் மாடல், தயாரிப்பு மாதம், வருடம் சரியாகத் தெரியவில்லையா? எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அந்த விவரத்தை வைத்து உரிய கையேட்டை எடுங்கள். ஆயில் விஷயத்தில் கடைசி வார்த்தை கையேடுதான். என் வார்த்தையும் இல்லை, கடைக்காரர் வார்த்தையும் இல்லை.

எண் சொல்வது பாதிதான்

டப்பாவில் 80டபிள்யூ-90 என்று இருக்கும். ‘டபிள்யூ’வோடு வரும் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கானது. 80டபிள்யூ என்றால் மைனஸ் 26 டிகிரி வரை சோதித்திருப்பார்கள். நம்ம ஊர் வெயிலுக்கு அது பெரிய கவலை இல்லை. பின்னால் வரும் 90 என்பது சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மை. கியர் ஆயில் 90, இன்ஜின் ஆயில் 40-ஐ விட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்காதீர்கள். இரண்டுக்கும் அளவுகோல் வேறு. சூட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒரே கெட்டிதான்.

“லோடு ஏத்துற வண்டி, 140 ஊத்துங்கண்ணே” என்று சிலர் கேட்பார்கள். கையேட்டில் 85டபிள்யூ-140 என்று இருந்தால் ஊற்றலாம். இல்லையென்றால் வேண்டாம். தேவைக்கு மேல் கெட்டியான ஆயிலைக் கலக்கவே வண்டியின் சக்தி வீணாகும், மைலேஜ் குறையும்.

ஜிஎல்-4, ஜிஎல்-5

இதுதான் முக்கியம். கிரவுனும் பினியனும் சாதாரண கியர் போல நேருக்கு நேர் உருள்வதில்லை. பினியன், கிரவுனின் மையத்துக்குக் கொஞ்சம் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும். அதனால் பல்லும் பல்லும் உருள்வதோடு வழுக்கித் தேய்க்கவும் செய்யும். இந்த அமைப்புக்கு ஹைபாய்டு என்று பெயர். அந்த அழுத்தத்தில் வெறும் ஆயில் படலம் கிழிந்துவிடும். அதைத் தாங்கவே கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து சேர்க்கிறார்கள். சூடு ஏறும்போது அது பல்லின் மேல் ஒரு காப்புப் பூச்சாகப் படியும். ஜிஎல்-5 ஆயிலில் இந்த மருந்து அதிகம். ஹைபாய்டு டிபரன்சியலுக்கு அதுதான் பொதுவாக வேண்டியது. எண் 90 ஆக இருந்து இந்த மருந்து போதாமல் இருந்தால், பல்லு போகும்.

அப்படியானால் ஜிஎல்-5-ஐ கியர் பாக்ஸிலும் ஊற்றிவிடலாமா? கூடாது. பல கியர் பாக்ஸ்களில் பித்தளை வளையங்கள் இருக்கும். கையேடு ஜிஎல்-4 கேட்கும் இடத்தில் ஜிஎல்-5 ஊற்றினால் வளையம் அரிக்கலாம், கியர் மாற்றுவதும் கடினமாகலாம். லிமிடெட் ஸ்லிப் டிபரன்சியல் உள்ள வண்டி என்றால், கையேடு சொல்லும் அதற்கான தனி ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும்.

மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள்

முதலில் ஆயில் ஊற்றும் போல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள், அப்புறம் கீழே வடிக்கும் போல்ட். மேல் போல்ட் துருப்பிடித்துக் கழலவில்லை என்றால், வடித்த பிறகு ஊற்ற வழி இருக்காது. வடியும் ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. காந்தம் வைத்த போல்ட்டில் மெல்லிய கறுப்புப் பசை இருப்பது இயல்பு. இரும்புச் சில்லு இருந்தால் பிரித்துப் பார்க்க வேண்டும். வண்டி சமதளத்தில் நிற்கும்போது, ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் இருந்தால் போதும். அதிகம் ஊற்றினால் சீல் வழியே கசிந்து பிரேக் டிரம்முக்குள் போகும். அப்புறம் பிரேக் பிடிக்காது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

பில் கேளுங்கள்

சீல் உடையாத டப்பாவாக வாங்குங்கள். தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை, வாடிக்கையாளர் சேவை எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. டப்பாவையும் பில்லையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. “லோடு வண்டி தொழிலுக்கானதாச்சே, நான் நுகர்வோர் ஆவேனா?” என்று கேட்பீர்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

ஒரு வேண்டுகோள். வடித்த பழைய ஆயிலை வாய்க்காலிலோ கண்மாய்க் கரையிலோ ஊற்றாதீர்கள். அது அபாயகரமான கழிவு. மூடிய டப்பாவில் சேர்த்து, மறுசுழற்சிக்கு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். அந்தக் கண்மாய்த் தண்ணீரைத்தான் நம்ம வயலும் மாடும் நம்பியிருக்கு.

அந்தத் தம்பி இப்போதும் வண்டி ஓட்டுகிறார். ஆயில் வாங்கினால் கடையிலிருந்தே டப்பாவைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவார்: “அண்ணே, இது சரியா?” நீங்களும் அப்படி ஒருமுறை கேட்டுவிட்டு ஊற்றுங்கள்.