புதையல் வேட்டைக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள்
(சங்கக் கூட்டத்தில் பேசியது)

இந்த விடுமுறையில் நம் பிள்ளைகளுக்கு ஒரு புதையல் வேட்டை வைக்கலாம் என்று யோசனை. படாளத்திலிருந்து செங்கல்பட்டு பக்கம்தானே!

முதல் குறிப்பு, செங்கல்பட்டு புனித கொலம்பா பள்ளி. கொலம்பா ஸ்காட்லாந்தில் சமயப் பணி செய்தவர். அந்நாட்டுப் பிரஸ்பிட்டீரியன் மிஷன் இங்கே வந்து கல்விப்பணி செய்ததற்கு அந்தப் பெயரே சாட்சி.

இரண்டாவது, அந்தச் சபை இன்று 'சி.எஸ்.ஐ.' ஆனது எப்படி? 1908-இல் பிரஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல் சபைகள் ஒன்றாயின. 1947-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும் சேர, தென்னிந்தியத் திருச்சபை உருவானது.

மூன்றாவது, சிங்கப்பெருமாள்கோயில் அருகே மெல்ரோசாபுரம். ஒடுக்கப்பட்ட மக்களுக்காக ஆடம் ஆண்ட்ரூ பாதிரியார் அமைத்த ஊர். அந்நாளில் அவர்கள் குடியிருந்த மனை மிராசுதார் கையில். 'காலி செய்' என்றால் கிளம்ப வேண்டியதுதான். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்கீர் இதையெல்லாம் அரசுக்கு எழுதினார். 1892-இல் நிலம் ஒதுக்க ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அதன் தொடக்கம் அதுதான்.

வங்கியில் பத்திரங்களோடு காலம் கழித்தவன் சொல்கிறேன்: குடியிருக்கும் மனைக்கு நம் பெயரில் ஒரு காகிதம், அதுதான் புதையல். பிளாட் பத்திரத்தை லாக்கரில் வைத்திருக்கும் நமக்கு அதன் அருமை தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியட்டும்.

ஆலயத்துக்குள் போகுமுன் ஆயரிடம் அனுமதி கேட்கச் சொல்லுங்கள். ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை நோட்டில் எழுதி வரட்டும். பெயர்களைச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள்.